உள்ளுணர்வும் கொஞ்சம் வாட்டர் பேப்பரும்

என் ஓவியங்களுக்கென்று இதுவரை அச்சடித்த கண்காட்சிக் கையேடுகள் பதினொன்று. அவற்றில் 'உள்ளுணர்வு' என்ற சொல் நாற்பத்தாறு இடங்களில் வருகிறது. 'ஆழ்மனம்' பத்தொன்பது. 'பிரவாகம்' ஒன்பது. 'வாட்டர் பேப்பர்' ஓரிடத்தில்கூட இல்லை. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாளைத்தான் பெயிண்டர்கள் அப்படிச் சொல்வார்கள். என் படங்களில் பாதி வேலை அதனுடையது. பாராட்டில் அதற்குப் பங்கு கிடைக்காதது எனக்கு உறுத்துகிறது. உறுத்துவதற்கு வேறு சங்கதிகளும் உண்டு: இடது தோள்பட்டை, கண்காட்சிக் கூடங்களின் ஏசி, காகிதக் கோப்பையில் தருகிற முக்கால் டீ.

திறப்பு விழாக்களில் யாராவது ஒருவர், பெரும்பாலும் தாடி வைத்தவர், ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "எந்த இடத்துல நிறுத்தணும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியுது?" நான் கொஞ்ச நேரம் மேலே பார்ப்பேன். அந்த மௌனத்தையும் கொண்டுபோய் எழுதிவிடுவார்கள். உண்மையில் கூரையில் எத்தனை விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் இரண்டு.

நின்று கேட்கிற பொறுமை இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதற்கு 1991ஆம் ஆண்டுக்கு, சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வர வேண்டும். தாடிக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் வர நேரம் இருப்பதில்லை. பஸ் நிறையவே இருக்கிறது.

என் அண்ணன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காஞ்சிபுரத்துக்கும் மெட்ராஸுக்கும் நடுவே அவர் வண்டி ஓடியது. எனக்கும் அவருக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தது அவரும் அண்ணியும்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னை வண்டியில் ஏற்றிக்கொள்வார். சும்மா உட்காரவிட மாட்டார். ஒவ்வொரு நிறுத்தம் தாண்டியதும் உள்ளே இருக்கிற தலைகளை எண்ணிச் சொல்ல வேண்டும்.

"டிக்கெட்ட பாக்காத, தலய பாரு. டிக்கெட்டு வாங்காதவனுக்கும் தல கீதுல்ல?"

"முப்பத்தெட்டுண்ணா."

"என்னையும் சேத்துட்டியா?"

"ஆமா."

"கண்டக்டர எண்ணாதடா. எண்றவன் கணக்குல வரமாட்டான்."

இந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். விசேஷம் என்றால் சாப்பாட்டுக்கு இத்தனை பேர் என்று அண்ணியிடம் சொல்வார். அந்தக் கணக்கில் அவர் இருக்க மாட்டார். அண்ணி ஒன்றும் பேசாமல் ஒரு ஆள் கூட்டி உலை வைப்பார். கல்யாணமான புதிதில் ஒரு தீபாவளிக்கு அண்ணனுக்குச் சோறில்லாமல் போய், அதிலிருந்து வந்த பழக்கமாம்.

என்னை மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் சேர்த்தவர் அண்ணன்தான். கண்டக்டர் தம்பி பொம்மை போடப் படிக்கிறான் என்று ஊரில் சிரித்தார்கள். பொம்மை போட்டிருந்தாலாவது கோயில் கோபுரத்தில் வேலை கிடைத்திருக்கும். நான் அரூப ஓவியனாக வெளியே வந்தேன். வருமானமும் அரூபமாகவே இருந்தது. கடைசியில் நெடுஞ்சாலையோரம் வண்டிகளுக்குத் தகரப் பாகங்கள் செய்கிற ஆலை ஒன்றில் ஆள் எடுத்தார்கள். இன்றைக்கு அந்தச் சாலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் ஆலைகளை எண்ணினால் எனக்கே பாதியில் தப்பிவிடுகிறது. அன்றைக்கு இரண்டு கை விரல்களில் அடங்கும். நேர்முகத்தில் மேலாளர் என் சான்றிதழைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"பெயிண்டிங்கா படிச்சிருக்கீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு. எங்ககிட்ட பெயிண்ட் ஷாப்பே இருக்கு."

கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னார். அப்படித்தான் நான் பெயிண்ட் ஷாப் இன்ஸ்பெக்டர் ஆனேன்.

அந்த உத்தியோகத்தில் எனக்கு ஒரே எதிரி, 'ரன்'. பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னைத் தகரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். கை சற்று நெருங்கினாலோ ஒரே இடத்தில் நின்றாலோ பெயிண்ட் கனத்து, கண்ணீர் மாதிரி கீழே ஓடிக் காய்ந்துவிடும். அதுதான் ரன். எங்கே ரன் இருக்கிறதோ அங்கே நான் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட பாகத்தை யாரும் என்னிடம் வந்து விசாரிக்க மாட்டார்கள். நேரே ரிவொர்க்குக்குப் போகும். தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே புதிதாக ஒரு கோட்டிங் கொடுத்து, ஓவனில் சுட்டு வெளியே வரும்போது ரன் இருந்த தடமே இருக்காது. 1991க்குள் பதினான்கு வருஷம் வட்டம் போட்டிருந்தேன். மொத்தம் எத்தனை என்று இங்கே சொல்லப்போவதில்லை. தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேலாளர் அனுமதியோடு, கழித்துப்போட்ட தகடுகளில் மிச்ச பெயிண்ட்டை வைத்து என் ஓவியங்களைச் செய்தேன். எல்லாம் சதுரங்கள். சுத்தமான, ஓரம் பிசகாத, ஒரு சொட்டுகூட வழியாத சதுரங்கள். மெட்ராஸில் ஆறு கேலரிகளுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு பேரும் ஒன்றையே கேட்டார்கள்: "உணர்ச்சி எங்க சார்?" ஆறாவது ஆளிடம், "எந்தச் சதுரத்துல வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அதோடு அந்தத் தெருவுக்கே போவதை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் மட்டும் ஒவ்வொரு படத்தையும் ஒரு விநாடி பார்த்து, "நல்லா கீதுடா" என்பார். எனக்கு வாய்த்த விமர்சகர்களில் கடினமான சொல் பயன்படுத்தாத ஒரே ஆள்.

அந்த 1991 பங்குனியில் அவர் போய்விட்டார். டியூட்டி முடிந்து வந்து, நெஞ்சு எரிகிறது என்று மோர் கேட்டார். அண்ணி மோர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

காக்கிச் சட்டையைக் கழற்றி, வேட்டி மாற்றி, வாசலில் கிடத்தினார்கள். பஸ்காரர்கள், டிப்போக்காரர்கள், சந்தைக்காரர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நின்றேன். நின்ற இடத்தில் கண் தானாக ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு போனது. உதடும் அசைந்திருக்க வேண்டும். அண்ணி தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி முணுமுணுக்கிற?"

நான் உண்மையைச் சொன்னேன். "நூத்திப் பன்னெண்டு பேர் வந்திருக்காங்க அண்ணி."

சுற்றியிருந்த பெண்கள் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டார்கள். அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இதுவரை எந்தப் படத்திலும் நான் கொண்டுவரவில்லை. கொண்டுவரும் உத்தேசமும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் வீட்டில் சத்தமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றால் பொருள்களோடு பேசுவார்கள். அண்ணி தேர்ந்தெடுத்தது அண்ணனின் ரேடியோவை. "சோறு போட்டு வெச்சிக்கீது. ஆறினப்புறம் கொற சொல்ல வேணாம்னு சொல்லு" என்று ரேடியோவிடம் சொல்வார். நானும், "இன்னிக்கி செகண்ட் ஷிப்ட், லேட்டாவும்" என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அந்தப் பெட்டி தன் வாழ்நாளில் அவ்வளவு செய்தி கேட்டதில்லை. ஒரே வீட்டில், ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்றுகொண்டு, வளர்த்தவருக்கு நான் கல்லாகிப்போனேன். அவருக்கு நான் மறுபடி 'தம்பி' ஆக வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அதற்கு என்ன செய்வது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் வைகாசி. அந்த மாதம் எங்கள் ஊர்ப்பக்கம் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை, 'ஸ்ரீபெரும்புதூரா, அது எங்கே?' என்று கேட்டவர்கள் அதன் பிறகு கேட்கவில்லை. என் சதுரங்களைத் திருப்பி அனுப்பிய மெட்ராஸிலிருந்து ஆனி மாதம் ஒரு கேலரி அம்மையார் காரில் வந்து இறங்கினார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஓவியர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓவியர் எப்படிப்பட்டவர் என்பதைவிட எந்தப் பக்கத்திலிருந்து என்பது முக்கியமாக இருந்தது. என்னிடம் இருந்ததில் ஏழு தகடுகளை ஒதுக்கினார். எட்டாவதாக ஒன்று வேண்டும் என்றார்.

"இவ்வளவு நடந்த இடத்துல இருந்துக்கிட்டு சதுரம் போட்டிருக்கீங்களே சார். இந்த மண்ணோட வலி தெரிய வேண்டாமா?"

"மண் இல்லீங்க, தகரம்."

"பாருங்க, அதுகூட எவ்வளவு நல்லா சொல்றீங்க!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் என்ன நல்லதாகச் சொன்னேன் என்று வெகுநாள் யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு ஆளில்லாத பெயிண்ட் ஷாப்பில் கதவளவு தகடு ஒன்றை மாட்டினேன். அம்மையார் கேட்ட வலிக்காக இல்லை. அலமாரியில், ஏதோ ஆர்டருக்கு வாங்கி மிஞ்சிய காக்கி டின் ஒன்று கண்ணில் பட்டது. அதைத்தான் முதலில் கன்னில் ஊற்றினேன். ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆரம்பித்தேன். கை தானாக நெருங்கியது. அரைச் சாண். நான்கு விரல். தகரத்தின் மேல் பெயிண்ட் கனத்துத் திரண்டு நின்றது. பதினான்கு வருஷப் பழக்கம் 'எடு, எடு' என்று கத்தியது. எடுக்கவில்லை. முதல் ரன் மெதுவாகப் புறப்பட்டு, தகட்டின் அடிவரை போய், தரையில் சொட்டியது. அப்புறம் நீலம், அப்புறம் ஆரஞ்சு. எல்லாவற்றையும் ஓடவிட்டேன். இதை ஒரு கையேடு 'கட்டறுந்த தருணம்' என்கிறது. கட்டறுந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மூக்கு ஒழுகியது ஞாபகம். தின்னர் வாசனைக்கு அப்படி ஆகும்.

புதன்கிழமை தகடு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தது. எத்தனை ரன் என்று பார்க்கத் தோன்றியது. எண்ணும்போது ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, எண்ணியதை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். இருபத்து மூன்று. வெள்ளிக்கிழமை ஓவன் போடும்போது இதையும் சேர்த்துச் சுட்டுவிடலாம் என்று தள்ளுவண்டியில் சாத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று ரேடியோவின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன்.

"சனிக்கிழம ஒரு படம் வீட்டுக்கு வருது. அண்ணனுக்காகப் போட்டது. திங்கக்கிழம மெட்ராஸ் போயிடும். அதுக்குள்ள யாராவது ஒரு தடவ பாத்தா நல்லாருக்கும்."

உள்ளேயிருந்து பதில் வந்தது, ரேடியோவுக்குத்தான். "அழ வேண்டிய நேரத்துல எண்ணிக்கினு நின்னவங்க இப்ப பெயிண்ட்ல அழுதுக்கிறாங்களாம். வரட்டும், பாக்கலாம்."

பார்க்கலாம் என்றாரே, அதுவே எனக்குப் பெரிய காரியம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஷாப்பில் ஒழுங்காக வேலை ஓடவில்லை.

சனிக்கிழமை காலை ஷாப்புக்குள் நுழைந்ததும் பெரிய பெயிண்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். இருபது வருஷமாகக் கன் பிடித்தவர். பக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த ஹெல்பர், வாயெல்லாம் பல்.

"சார், கண்ண மூடிக்கினு வாங்க."

"எதுக்குய்யா?"

"வாங்க சார் சொல்றேன். கால் பாத்து, அங்க டிரம்மு கீது. ஆங், இப்ப தொறங்க."

எதிரே என் தகடு நின்றது. முழுவதும் சாம்பல் நிறம். மேலிருந்து கீழ் வரை கண்ணாடி மாதிரி. என் முகமும் அவர்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

"எப்படி கீது? ஒரு ரன்னு காட்டுங்க பாப்பம்! லென்ஸ் வெச்சிக்கூட பாருங்க சார்."

நான் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். "இத யார் ரிவொர்க் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான் சார்! வட்டம் போட்டு வெச்சிருந்தீங்களே. இருபத்தி மூணு. எண்ணிட்டுத்தான் கைய வெச்சோம்."

ஹெல்பர் சேர்ந்துகொண்டார். "செகண்ட் ஷிப்ட் முடிஞ்சி நின்னு செஞ்சோம் சார். ஓ.டி.கூட எழுதல. மனசு கேக்கல பாத்துக்கிடுங்க."

"எதுக்கு மனசு கேக்கல?"

பெரிய பெயிண்டர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் போன துக்கம் சார் உங்களுக்கு. கை ஆடிப்போச்சி. பாத்தாலே தெரிஞ்சிது. அந்த காக்கில கீதே, அங்கதான் ரொம்ப ஆடிக்கீது. மெட்ராஸ்காரங்க வந்து பாத்துட்டு, இன்ஸ்பெக்டரே இம்மாம் ரன்னு வுட்டாருன்னு சொன்னா உங்க பேரு இன்னா ஆவுறது? அதான் சரி பண்ணிட்டோம். யாருக்கும் தெரியாது, வுடுங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் பலபேர் என் படங்களைப் பார்த்து என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தகட்டில் துக்கம் இருக்கிறது, அதுவும் காக்கியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள் இருவர்தான். கண்டுபிடித்த கையோடு அதைச் சரிசெய்துவிட்டார்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வட்டம் போட்டது என் கை. வட்டம் போட்டால் கேட்காமல் செய்ய வேண்டும் என்று அவர்களைப் பழக்கியதும் நான். அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றேன். அது உண்மை. அன்றைய உற்பத்தியில் அதைப்போல் ஒன்று இல்லை.

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத் தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் சாத்தினேன். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்துவிட்டார் என்பதுதான் வேதனை. தகட்டின் முன்னால் நின்று, தன் முகத்தை அதில் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். தோட்டத்தில் ரேடியோ இல்லாததால் முருங்கை மரத்திடம் திரும்பினார்.

"பீரோ வாங்கியாந்துட்டாங்க போல. மிச்சம் மூணு பக்கமும் எப்ப வருமாம்?"

"பீரோ இல்ல" என்று நானும் மரத்திடம் சொன்னேன். "அடியில இருக்கு."

"அடியில கீதாம். நெஞ்சுக்குள்ள கீது, தகரத்துக்கு அடியில கீது. வெளிய காட்றதுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது" என்று மரத்திடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. திங்கள் காலை மெட்ராஸ் வண்டி வரும். வேறென்ன செய்வது என்று தெரியாமல், வீட்டில் கிடந்த வாட்டர் பேப்பரை எடுத்துக்கொண்டு தகட்டைத் துவைக்கிற கல்லின் மேல் கிடத்தினேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. பெயிண்டர்கள் ரன்னைத் தட்டையாக்கத்தான் தேய்த்திருப்பார்கள், முழுவதையும் எடுத்திருக்க மாட்டார்கள். அடியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது இன்ஸ்பெக்டர் புத்தி. அதை உள்ளுணர்வு என்று சொன்னால் ஆலையில் சம்பளம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வாட்டர் பேப்பர் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கையால் தேய்த்து ஒரு கையால் ஊற்றினேன். தண்ணீர் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போயின. தண்ணீர் இல்லாத இடத்தில் தாள் பட்டு, பல் கூசுகிற மாதிரி கிறீச்சிட்டது. அண்ணி அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"பம்புல தண்ணி அடிச்சிக்கினு வர்றது யாருன்னு கேளு" என்றார் மரத்திடம்.

நான் தேய்த்தேன். கிறீச்.

"காது கிழியுது, அதையும் சொல்லு."

மறுபடி கிறீச். அடுத்த விநாடி என் கையிலிருந்த சொம்பு பிடுங்கப்பட்டது. அண்ணி எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து, என் கை போகிற வழியெல்லாம் தண்ணீர் விட ஆரம்பித்தார். பாசத்தால் அல்ல, சத்தம் தாங்காமல். கையேடுகளுக்கு இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

சாம்பல் நிறம் கரைந்து குழம்பாக வழிந்தது. அடியிலிருந்து பிரைமரின் செங்கல் நிறம் வந்தது. அதற்கும் அடியில் ஓரிடத்தில் ஆரஞ்சு, விரல் நகம் அளவு. இன்னும் தேய்த்தேன். அதைச் சுற்றி நீலம் ஒரு வளையமாக வந்தது. பிறகு நடுவில், நான் நான்கு விரல் நெருக்கத்தில் கன்னைப் பிடித்திருந்த இடத்தில், காக்கி எழுந்து வந்தது. முதலில் திட்டுத் திட்டாக, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து.

தண்ணீர் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சட்ட" என்றார். மரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு, தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அன்னிக்கி எத்தினி பேருன்னு சொன்ன?"

"நூத்திப் பன்னெண்டு."

"உன்ன சேத்தா?"

"இல்ல அண்ணி. எண்றவன் கணக்குல…"

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பங்குனிக்குப் பிறகு முதல் தடவை. அந்த வாசலில் என் உதடு எதற்கு அசைந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். லீவு நாளில் பஸ்ஸில் ஏறிப்போன பையனை அவருக்குத் தெரியும்.

"அப்ப நூத்திப் பதிமூணு" என்றார். எப்போதும் கூட்டுகிற அதே ஒன்று.

மறுபடி தண்ணீர் விட்டார். நான் குனிந்து தேய்த்தேன். தகடு சரியாகத் தெரியவில்லை. கண்ணில் தூசு. வாட்டர் பேப்பரில் தூசு பறக்காது என்று தெரிந்தவர்கள் வேறு காரணம் யோசித்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று தெரியாது. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

"போதும்" என்றார் அண்ணி.

"இன்னும் கொஞ்சம்…"

"போதும்னு சொல்றேன்ல? இதுக்கு மேல தேச்சா அவரு போயிடுவாரு. கைய கழுவிக்கினு வந்து சாப்புடு தம்பி."

மெட்ராஸில் அந்தப் படத்தைத்தான் நடுச் சுவரில் மாட்டினார்கள். கேலரி அம்மையார் அதன் முன்னால் நெஞ்சில் கை வைத்து நின்றார். இந்த மண்ணின் காயம் என்று கையேட்டில் போடப்போவதாகச் சொன்னார். "இது எங்க அண்ணனுக்குப் போட்டதுங்க, பஸ் கண்டக்டர்" என்றேன். "அப்படியா! அந்தரங்கமும் தேசமும் ஒண்ணாயிடுதே சார்" என்று அதையும் சேர்த்துப் போட்டுவிட்டார். நான் பிறகு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இன்னும் ஒரு பாரா கூடும்.

அண்ணியை அண்ணனின் பஸ்ஸிலேயே கூட்டிப்போயிருந்தேன். ஒரு தாடிக்காரர் நான்கு பேரை நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டிருந்தார்: "இந்தக் காக்கி எல்லைல வந்து கலைஞன் நின்னுடறான் பாருங்க. ஒரு இழை தாண்டியிருந்தா எல்லாம் போச்சு. உள்ளேருந்து ஒரு குரல் அவனை நிறுத்தியிருக்கு."

அண்ணி என் முழங்கையில் இடித்தார். "உள்ளேருந்தாமே? தோட்டத்துல குந்திக்கினு கொரல் குடுத்தவ இங்க நிக்கிறேன், என்னைக் கேக்கச் சொல்லு."

என் ஓவிய வாழ்க்கை என்று சொல்லப்படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். முறை மாறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட்டை ஓடவிடுவேன். பெரிய பெயிண்டர் அதன் மேல் குறையில்லாமல் சாம்பல் கோட்டிங் அடித்துத் தருவார். "ஏன் சார், கஷ்டப்பட்டு அடிக்கிறத கொண்டுபோயி சொரண்டிடறீங்களாமே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். தோட்டத்தில் நான் தேய்க்க, அண்ணி சொம்போடு உட்கார்ந்திருப்பார். 'போதும்' என்பார். நிறுத்துவேன். சில நாள் மழை வரும்போல் இருந்து சீக்கிரம் சொல்லியிருக்கிறார். அந்தப் படங்களை 'தயக்கத்தின் அழகியல்' என்று எழுதினார்கள். ஒரு தடவை சொல்ல மறந்து பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டார். அது 'துணிச்சலான காலகட்டம்'.

அண்ணி இப்போது இல்லை. தோட்டத்துக்குக் குழாய் வந்துவிட்டது. ரப்பர் டியூப் மாட்டினால் தண்ணீர் தானாக விழுகிறது. வாய் மட்டும் அதற்குக் கிடையாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூன்று தகடுகளை வெறும் தகரம் தெரிகிற வரைக்கும் தேய்த்துவிட்டேன். மழைக்காலத்தில் அவற்றில் துரு ஏறியது; அப்படியே அனுப்பிவைத்தேன். கேலரியிலிருந்து போன் செய்து, "துருவ வேணும்னே விட்டீங்களா சார்? உங்க கடைசிக் காலப் பாணின்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டார்கள். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அதென்ன கடைசிக் காலம் என்று போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

பீரோ மாதிரி நான்காவது தகடு ஒன்று முருங்கை மரத்தடியில் சாத்தியிருக்கிறது. அடியில் அண்ணியின் புடவைக் கலர்கள். இன்னும் தேய்க்கவில்லை.

அண்ணியின் பதினாறாம் நாள் காரியத்தன்று, எத்தனை இலை போடுவது என்று சமையல்காரர் வந்து கேட்டார். பந்தலில் ஒரு சுற்றுச் சுற்றித் தலைகளை எண்ணினேன். நூற்று நாற்பது இருந்தது.

"நூத்தி நாப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனேன்.